செயலாளர் ஆண்டறிக்கை: கடலில்லாத ஊரில் கப்பல் பாடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு ஒன்பது மாதக் கூட்டங்கள் நடந்தன. 1806 வேலூர்ப் புரட்சியின் நினைவாக ஜூலை 10 அன்று கோட்டையைச் சுற்றி நடந்தோம். வெயிலுக்குப் பயந்து பாதிப் பேர் திப்பு மகால் வரைகூட வரவில்லை. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். அப்போது யாரும் தேநீர் குடிக்க எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீதி நேரம் கப்பலுக்கு. கடலடியில் கிடக்கும் கப்பல்களை ஒளிப்படங்களால் அளந்து முப்பரிமாண மாதிரி செய்யும் முறையைக் கற்பது என்று செயற்குழு முடிவெடுத்தபோது, “நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்கிற நம்மூர்க் கேலியோடு கடலில்லாத கப்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். ஜலகண்டேசுவரர் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார் என்று மட்டும் நினைவூட்டினேன். பாலாற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பேச்சாளர் கிடைக்காததால் ஆகஸ்ட் கூட்டத்தில் நானே பேசினேன். பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பலில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டெடுத்த ஈயக்கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வார்த்தவை! கட்டியை மேலே கொண்டுவந்தால் பெயரைப் படிக்கலாம். ஆனால் அது எந்த மரத்தின் மேல், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பது கை வைத்த கணமே போய்விடும். அது கிடந்த நிலையைக் காப்பாற்றத்தான் படம். 1960-களில் துருக்கிக் கடலில் யாசி அடா என்ற தீவருகே தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் குழுவினர், ஒரே இடத்தைச் சற்றே விலகிய இரு இடங்களிலிருந்து எடுத்த இரட்டைப் படங்களைக் கொண்டு அளந்தார்கள். 2022-இல் டைட்டானிக்கை அதே நோக்கில் ஏழு லட்சம் படங்களுக்கு மேல் எடுத்து, முழுக் கப்பலையும் கணினியில் எழுப்பினார்கள். ஒரே புள்ளி பல படங்களில் தென்பட்டால், கேமரா எங்கெங்கே இருந்தது என்பதையும் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் கணினி கணக்கிட்டுவிடும். முறை இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று மேடையில் சொல்லிவிட்டேன். செய்து பழக, ஏப்ரலில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஓர் உறுப்பினரின் கிணற்றில் கப்பலுக்குப் பதிலாகப் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றைக் கயிறு கட்டி இறக்கினோம். மூன்றரை மீட்டர் தண்ணீர். முதல் நாள் இளைஞர்கள் உற்சாகத்தில் குதித்ததில் அடிச்சேறு முழுவதும் எழும்பிவிட்டது. படங்களில் கேழ்வரகுக் கூழ்தான் தெரிந்தது. போதாக்குறைக்கு விளக்கைக் கேமராவோடு சேர்த்துக் கட்டியிருந்தோம். மிதக்கும் ஒவ்வொரு துகளும் அந்த ஒளியை லென்சுக்கே திருப்பி அனுப்பியது. விளக்கைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டாம் முறை படி வழியாக மெல்ல இறங்கி, தரையில் கால் படாமல், உழவு சால் போல வரிவரியாக நீந்தி 412 படங்கள் எடுத்தோம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் முக்கால் பங்கு இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். இரவெல்லாம் ஓடிய கணினி விடியற்காலையில் ஒரு சக்கரத்தைக் காட்டியது, பொரித்த அப்பளம் போல வளைந்து! நேர் மேலிருந்து மட்டும் எடுத்தால் தட்டையான பொருளுக்கு இப்படி ஆகும். கேமராவின் லென்ஸ் அளவுகளைக் கரையில் வைத்துக் கணித்தது அடுத்த தவறு. கேமராவை நனையாமல் காக்கும் உறையின் தட்டைக் கண்ணாடி வழியே தண்ணீருக்குள் பார்த்தால் பொருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் அந்தக் கணக்கு அங்கே செல்லாது. சக்கரம் ஒரு முழமா, ஒரு பனை உயரமா என்பதும் கணினிக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் முறை வண்ணம் பூசிய 50 சென்டிமீட்டர் இரும்புக் கம்பிகள் நான்கைச் சக்கரத்தருகே கிடத்தினோம். சாய்கோணப் படங்களையும் சேர்த்து, லென்ஸ் கணக்கை நீருக்குள் எடுத்த படங்களிலிருந்தே போட்டோம். கரையில் நாடாவால் அளந்தபோது 142 சென்டிமீட்டர் இருந்த சக்கரம் மாதிரியில் 141.4 வந்தது. ஆரக்கால் ஒன்றில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. கடலில்லாத கப்பல் என்றவர் அந்த விரிசலைத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

விளக்கு வாங்கிய செலவை நூலகக் கணக்கில் எழுதியதற்குப் பொருளாளர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அது நியாயம்தான்; திருத்திவிடுகிறேன்.

வரும் ஆண்டில் கோட்டை அகழியின் நீர்மட்டத்துக்கு மேலுள்ள கல்வரிசையை இதே முறையில் பதிவு செய்ய, இந்தியத் தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்டு விண்ணப்பம் தயாராகிறது. ஆழ்நீச்சல் பயிற்சி பெறாமல் யாரும் கடல் பக்கம் போக வேண்டாம் என்பது செயற்குழுவின் தீர்மானம்.

சக்கரம் இன்னும் கிணற்றில்தான் கிடக்கிறது. அளந்தாகிவிட்டது, இனி எடுத்தால் பாதகமில்லை. மோட்டாரை இறக்குவதற்குள் எடுத்துவிடும்படி கிணற்றுக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். நல்ல வடக்கயிறு வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.