மாதிரிக் கட்டுரையை மூடிவைத்தால் பிள்ளை எழுதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் மீண்டும் மாதிரிக் கட்டுரைகள் வரத் தொடங்கியுள்ளன. ‘நான் ஒரு மிதிவண்டி’, ‘நூல்நிலையத்தின் பயன்கள்’ என்று வாரத்துக்கு ஒன்று. வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்து, ‘இதைப் பார்த்து எழுது’ என்று கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கையில் வேறொன்றும் இல்லாதபோது கிடைத்ததைத்தானே கொடுப்பார்கள்? அந்தக் குறையைத் தீர்க்கும் வழிகளைச் செய்முறையாகவே இங்கே எழுதுகிறேன். கடைசியில் தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே மூன்றாம் படிவ மாணவர்களுக்கான பி.டி.3 தேர்வும் போயிற்று. தேர்வு போனாலும் தேர்வுக்கென்று வார்த்தெடுத்த அச்சு போகவில்லை. ஒரு பொருள் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் தன்கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் பிறப்பு, கடையில் காட்சிக்கு நிற்றல், ஒரு சிறுவன் வாங்கிப் போதல், சில மாத மகிழ்ச்சி, ஒரு விபத்து, கடைசியில் வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடத்தல். மிதிவண்டிக்கும் பேனாவுக்கும் குடைக்கும் ஒரே தலையெழுத்து. இதைப் பிள்ளையின் சோம்பல் என்று நினைப்பது தவறு. பிறந்தது முதல் ஒழிந்தது வரை ஒரு முழு வாழ்க்கையை ஒரே பக்கத்தில் சொல்லச் சொன்னால், யார் எழுதினாலும் அப்படித்தான் வரும்.

அளவைச் சுருக்கினால் போதும், எழுத்து மாறிவிடும். அந்தப் பொருளின் வாழ்க்கையில் ஒரே ஒரு மணி நேரத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு நிபந்தனை: அந்தப் பொருளுக்கு எது தெரிய முடியுமோ அதை மட்டுமே அது சொல்ல வேண்டும். சில்லறை போட்டுவைக்கும் மைலோ டின்னுக்குக் கண் கிடையாது, காது உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது காசு விழும் ஓசைக்கும் பத்துக் காசு விழும் ஓசைக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியும். மூடியைத் திறக்கும் விரல்கள் யாருடையவை என்று தெரியும். ஒரு நாள் இரவில், வழக்கமில்லாத விரல்கள் திறந்தால்? அங்கே கதை தொடங்கிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடமும் பன்னிரண்டு வாக்கியமும் போதும். நான்காவது வாக்கியத்துக்குள் டின் எதையாவது ‘பார்த்துவிடும்’. எல்லாப் பிள்ளைகளும் இங்கே தவறுவார்கள். அந்த வரியைக் கோடிட்டு அடித்துத் திருத்தாதீர்கள். ‘டின்னுக்கு அது எப்படித் தெரிந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தானே வழி கண்டுபிடிக்கும்.

வருணனைக் கட்டுரையில் சிக்கல் வேறு. ‘பறவைகள் இனிமையாகக் கீச்சிட்டன, மெல்லிய தென்றல் வீசியது’ என்று பதினைந்தாவது மாடியில் உட்கார்ந்து எழுதும் பிள்ளை, பாடநூலைத்தான் பார்க்கிறது, சன்னலைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை வைத்துப் பத்து நிமிடம் வீட்டு வாசலிலோ அடுக்குமாடி நடைபாதையிலோ நிறுத்துங்கள். கேட்ட ஓசை ஐந்து, மூக்குக்கு எட்டிய மணம் மூன்று, கையால் தொட்டது இரண்டு. பத்தே குறிப்புகள். ‘அழகான’, ‘இனிமையான’, ‘ரம்மியமான’ ஆகிய மூன்று சொற்களுக்கும் அன்றைக்குத் தடை. அப்போது வரும் பட்டியலைப் பாருங்கள்: ரொட்டிக்காரரின் மோட்டார் ஹாரன், ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போகும் பழைய தாள் லாரி, எதிர்வீட்டில் தாளிக்கும் கடுகு, இரும்புக் கதவின் பிசுபிசுப்பு, குயில். ‘பறவை’ என்று எழுதினால் ‘எந்தப் பறவை?’ என்று கேட்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால், அது எப்படிக் கத்தியது என்றாவது எழுதட்டும். பத்தில் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து ஆறு வாக்கியத்தில் ஒரு பத்தி. பத்தையும் நுழைக்க விட்டால் அது கடைக்குக் கொடுத்த பட்டியலாகிவிடும்.

எழுத்து இன்னும் கைக்கு வராத முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சொல்லட்டும், பெரியவர் எழுதட்டும். சொன்னது சொன்னபடியே இருக்க வேண்டும், மெருகேற்றக் கூடாது. ஐந்து வாக்கியம் ஆனதும் நிறுத்திவிட்டு, பிள்ளை படம் வரையலாம்.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு தடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள். தாளில் எழுத்துத் தமிழ் எழுதச் சொல்கிறோம். பிள்ளை ஆங்கிலத்தில் நினைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்குகிறது. ‘நான் ஒரு நல்ல நேரத்தைக் கொண்டிருந்தேன்’ போன்ற வாக்கியங்கள் அப்படிப் பிறப்பவைதாம். இலக்கணப் பயிற்சி கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. எழுதுவதற்கு முன் பேச வைக்க வேண்டும். தாத்தாவிடமோ பாட்டியிடமோ இரண்டு நிமிடம் கதையைச் சொல்லிவிட்டு உடனே எழுத உட்காரட்டும். வாயில் ஒருமுறை தமிழாக வந்துவிட்ட வாக்கியம் தாளில் ஆங்கிலமாக வளைவதில்லை.

உரையாடல் எழுதுவதற்கு இன்னொரு முறை. வீட்டில் நடக்கும் ஒரு நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்து, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத வேண்டும். ‘மா, பாசார் மாலாம் போலாமா? அண்ணன் வரமாட்டானாம், அவனுக்கு டியூஷனாம்.’ இது இடப்பக்கம். வலப்பக்கத்தில் அதே காட்சியைக் கதையாக எழுத வேண்டும். கதைசொல்லி எழுத்துத் தமிழில் ‘இரவுச் சந்தை’ என்பார், பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் ‘பாசார் மாலாம்’ என்றே பேசுவார்கள். இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பழகிய பிள்ளை எங்கே எந்தத் தமிழ் என்பதைத் தானே பிரித்துக்கொள்ளும். பேச்சு வரிகளில் உள்ள மலாய்ச் சொற்களைப் பெரியவர்கள் சிவப்பு மையால் அடித்து விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அடித்த பிறகு அம்மாவும் அண்ணனும் கடைக்காரரும் ஒரே குரலில் பேசுவார்கள்.

தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதும் பயிற்சியைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் கேள்வியில் கோட்டை விடுகிறார்கள். ‘அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘ரொம்பக் கஷ்டம்டா’ என்ற ஒரு வரிதான் வரும். வாழ்க்கையைக் கேட்காமல் பொருளைக் கேட்க வேண்டும். பினாங்கில் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையில் கடலைக் கடக்கும் ஃபெரி என்ற பெரிய படகில் கார்களை ஏற்றுவது 2020ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இன்றைய பத்து வயதுப் பிள்ளைக்கு அது நினைவிருக்காது. ‘காரை ஃபெரிக்குள்ளே யார் ஓட்டிட்டுப் போவாங்க? கடல்ல போறப்ப காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பீங்களா, இறங்கிடுவீங்களா? கையில என்ன வாங்கிட்டுப் போவீங்க?’ இப்படி மூன்று கேள்வி கேட்டால் பாட்டி அரை மணி நேரம் பேசுவார். 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபோது முதலில் யாருடைய காரில் கடந்தார்கள் என்பதும் தானாக வந்துவிடும். பிள்ளை அத்தனையையும் எழுத வேண்டாம். பாட்டி எந்த இடத்தில் சிரித்தார் அல்லது பேச்சை நிறுத்தினார், அந்த இடத்தை மட்டும் எட்டு வாக்கியத்தில் எழுதட்டும்.

மரபுத்தொடர்களைப் பற்றி ஒன்று. பொருளை மனப்பாடம் செய்து கட்டுரையில் பதித்துவைப்பதை விட்டுவிட்டு, விளையாட்டாக மாற்றலாம். ‘தட்டிக் கழித்தல்’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சொல்லையோ அதன் பொருளையோ எங்கும் பயன்படுத்தாமல் ஐந்து வாக்கியத்தில் ஒரு காட்சி எழுத வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் படித்துவிட்டு எந்த மரபுத்தொடர் என்று கண்டுபிடிக்க வேண்டும். குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடச் சொன்னதும் அண்ணனுக்குக் கால் வலிக்கிறது, பிறகு மழை வருகிறது, பிறகு மின்தூக்கி பழுது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் காட்சியில் செயல் போதவில்லை. எல்லாரும் முதல் வரியிலேயே கண்டுபிடித்தால் பிள்ளை விளக்கம் சொல்லிவிட்டது என்று பொருள். ‘ஆறப்போடுதல்’, ‘ஓட்டை வாய்’, ‘கரைத்துக் குடித்தல்’ மூன்றும் இதற்கு நன்றாக வரும்.

இனி, பெரும்பாலான வீடுகளில் எல்லாம் கெட்டுப்போகும் இடத்துக்கு வருகிறேன். திருத்தம். ஒரு பக்கத்தில் இருபது சிவப்பு வட்டம் போட்டால் பிள்ளை அடுத்த முறை கவனமாக எழுதும் என்று நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. அடுத்த முறை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக் குறுக்கி எழுதும். ‘சென்றேன், பார்த்தேன், மகிழ்ந்தேன்’ என்ற பாதுகாப்பான தமிழ் அப்படித்தான் உருவாகிறது.

எனவே முதல் வாசிப்பில் பேனாவைக் கையில் எடுக்கக் கூடாது. வாய்விட்டுப் படித்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் இரண்டு கேள்வி கேளுங்கள். ‘அந்த நாய் கடைசியில் எங்கே தூங்கியது?’ பதில் சொல்லும்போது பிள்ளையிடமிருந்து வரும் வரிதான் பெரும்பாலும் கதையில் விடுபட்ட நல்ல வரி. அதை ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். இரண்டாம் வாசிப்பில், முதல் இரண்டு வாக்கியங்களைக் கையால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து பல் துலக்கினேன்’ என்பவை மறைந்ததும் கதை மூன்றாம் வாக்கியத்திலேயே தொடங்கியிருப்பது தெரியும். மூன்றாவது வாசிப்பில்தான் பிழை. அதிலும் வாரத்துக்கு ஒரு வகை மட்டும்: இந்த வாரம் ல, ள, ழ, அடுத்த வாரம் ர, ற, அதன் பிறகு வலி மிகும் இடம். பிழையான சொற்களைப் பிள்ளை தன் கையால் ஒரு சிறு நோட்டில் சேர்க்க வேண்டும். அடுத்த கதையில் அவற்றில் மூன்றைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். பத்து முறை எழுது என்ற தண்டனையைவிட இதுதான் நிற்கிறது, ஏனென்றால் அந்தச் சொல் பிள்ளைக்கு இப்போது ஒரு காரியத்துக்குத் தேவைப்படுகிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் கட்டுரை தருவதைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ‘நூல்நிலையத்தின் பயன்கள்’ என்று கேட்டால் அவை தந்துவிடும். நேற்று மாலை உங்கள் வாசலில் கேட்ட ஐந்து ஓசைகளை அவற்றால் தர முடியாது. முதல் வரைவைக் கையால் எழுதட்டும். படியெடுக்கும்போது முரசு அஞ்சல், செல்லினம் போன்ற தமிழ் எழுதும் செயலிகளில் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

இப்போது என் வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் முழுக் கட்டுரையை அச்சிடுவதற்குப் பதில், மூன்று வரித் தொடக்கம் ஒன்றும், அதற்கு ஒரே ஒரு நிபந்தனையும், கீழே கால் பக்கம் கோடு போட்ட வெற்றிடமும் தாருங்கள். அனுப்பப்படும் கதைகளில் ஒன்றின் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் அருகருகே வெளியிடுங்கள். எது ஏன் மாறியது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண அதைவிட நல்ல வழியில்லை. பரிசு வேண்டாம். பெயரும் ஊரும் அச்சில் வந்தாலே போதும். முதல் வாரத்துக்கு இந்தத் தொடக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நிபந்தனை, ஃபெரி அக்கரை சேர்வதற்குள் கதை முடிந்துவிட வேண்டும்:

‘ஃபெரி கரையை விட்டு நகர்ந்துவிட்டது. பாட்டியின் தூக்குச்சட்டி இருக்கையின்மேல் இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. பாட்டியைத்தான் காணோம்.’

இப்படிக்கு,
தமிழாசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.