அப்பாவுக்கு, வியாழக்கிழமைக்கு முன்

அப்பா,

நம் முந்திரித் தோப்பை விற்கக் கையெழுத்து போட, வியாழக்கிழமை பத்திர ஆபீசுக்கு நான் வரவில்லை. போனில் "சரிப்பா" என்றது நான்தான். உங்களிடம் எனக்கு வேறு வார்த்தை வருவதே இல்லை. வீட்டு விஷயத்தை ஊரறிய எழுதுவானேன் என்று அம்மா கேட்பாள். நேரில் நின்றால் தலையாட்டிவிடுவேன், அம்மா. தம்பி படித்துக் காட்டட்டும். சித்தப்பா வீட்டிலும் படிப்பார்கள் என்பதால் விலை, வாங்குகிறவர், அந்தக் கடன் எதையும் இங்கே எழுதவில்லை.

2012 ஜூலை, கிண்டி, அண்ணா பல்கலைக்கழகம். இன்ஜினியரிங் கவுன்சலிங் கடிதத்தைக் காட்டினால் நம் இரண்டு பேருக்கும் பஸ்ஸில் பாதி டிக்கெட். கண்டக்டரிடம் அதை நீங்கள் நீட்டிய விதம் இருக்கிறதே! கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. பெரிய திரையில் காலியிடங்கள் குறையக் குறைய, உதடு அசைய எண்களைப் படித்துக்கொண்டே இருந்தீர்கள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "உனக்கு எதும்மா வேணும்?" 200-க்கு 186.25 கட்-ஆஃப் வாங்கியவள் நான். "இ.சி.இ. சார்" என்றீர்கள் நீங்கள். அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை இத்தனை வருஷமும் உங்கள் கணக்கிலேயே எழுதிவந்தேன். தப்புதான், மன்னித்துவிடுங்கள். விவசாயம் படிக்கப் பூர்த்தி செய்த பி.எஸ்சி. அக்ரி விண்ணப்பம் கடைசி வரை என் புத்தகப் பையிலேயே கிடந்தது. உங்களிடம் நான் வாய் திறக்கவே இல்லை. எப்படித் திறப்பது? 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்து ஓய்ந்த காலையில் விழுந்த முந்திரி மேல் உட்கார்ந்திருந்தீர்கள். மரங்களை நீங்கள் எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன். நின்றவை பதினொன்று. அந்த முகத்தைப் பார்த்தவள் எந்த வாயால் அக்ரி என்று கேட்பாள்?

திரும்பும் வழியில் திண்டிவனம் தாண்டியதும், "இனிமே காத்தடிச்சா உனக்கென்ன, மழை பேஞ்சா உனக்கென்ன பாப்பா" என்று சிரித்தீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது, சென்னையில் எட்டாவது மாடியில் உட்கார்ந்து விடிய விடிய உங்கள் நம்பரைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். இ.சி.இ. படித்தவள் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங். அந்தச் சம்பளத்தில்தான் நம் வீட்டுக்கு மாடி எழுந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் தம்பியிடம் மட்டும் "நீ என்னடா படிக்கப் போற?" என்று கேட்டீர்கள். (டேய், இந்த வரியை விட்டுவிட்டுப் படி.) இப்போதும் அப்படித்தான். பூர்வீகச் சொத்து, மகள் கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் எனக்குப் போன் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே வந்த சட்டம். நான் பிறப்பதற்கு முன்பே.

விவசாயம் பண்ணப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிளையைக் கவாத்து பண்ணுவது என்றுகூட எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், தோப்புப் பக்கம் வராதே, போய்ப் படி என்று துரத்தியது யார்? அப்புறம் நீங்களே விருத்தாசலத்திலிருந்து ஒட்டுக்கன்று கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தீர்கள். இப்போது அவை நன்றாகக் காய்க்கிற நேரத்தில் விலை பேசுகிறீர்கள். தனியாளாக முடியவில்லை என்பது உண்மை, பார்க்கிறேனே. ஆள் கூலியை நான் அனுப்புகிறேன். விற்பதற்கு மட்டும் கையெழுத்து போட மாட்டேன்.

ஞாயிறு காலை வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வண்டி எடுத்து வர வேண்டாம், முட்டி வலி. தம்பியை அனுப்புங்கள். கோபம் தீரவில்லை என்றால் பேசவும் வேண்டாம். கேப்பர் மலைத் தோப்புக்கு மட்டும் கூட வாருங்கள். எந்த மரம் எந்த வருஷம் வைத்தது என்று எனக்குத் தெரியாது.