விடுதிப் பட்டியலில் நான்கு வரிகளை மாற்றுங்கள்

கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

சேர்க்கைக் கடிதத்தோடு நீங்கள் ஒரு பட்டியல் அனுப்புகிறீர்கள். பாய் அல்லது மெத்தை, தலையணை, பெட்ஷீட் இரண்டு, துண்டு இரண்டு, பூட்டு, வாளி, குவளை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் கடைக்குப் போகிறார்கள். ‘பாய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பிளாஸ்டிக் பாய் வரும். ‘பெட்ஷீட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பாலியஸ்டர் கலந்தது வரும். அதே இடத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்த்து எழுதினால், நம் ஊர்க்காரர்கள் நன்றாகச் செய்கிற, நெடுநாள் உழைக்கிற பொருள்கள் பிள்ளைகளின் அறைக்கு வந்து சேரும். எந்தச் சொல், ஏன் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில் பெட்ஷீட். ஈரோடு மாவட்டம் சென்னிமலைக் கைத்தறி பெட்ஷீட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூலைக் கொடுத்து, கூலியை நிர்ணயித்து, நெய்ததை வாங்கிக்கொள்கின்றன. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் கடைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களின் நெசவு கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, பெட்ஷீட், ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைத் துணிகளில், அது குறிப்பிடும் ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் ‘கைத்தறி’ என்று வாய்ச்சொல்லாகவே விற்கும் விசைத்தறித் துணி சந்தையில் நிறைய.

எப்படிக் கண்டுபிடிப்பது? துணியில் தைத்த கைத்தறி முத்திரையைத் தேடுங்கள். மத்திய அரசு அதை 2006இல் கொண்டுவந்தது. அடுத்து ஓரத்தைப் பாருங்கள். நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்க ஒரு குச்சி வைப்பார்கள். அதன் முனை முள் பதிந்த நுண்துளைகள் கைத்தறியில் விட்டு விட்டு, சில அங்குலத்துக்கு ஒருமுறை தெரியும். விசைத்தறியில் அந்தத் தடம் இடைவிடாமல் ஓடும். ஓரத்தில் நூல் வெட்டுப்பட்டுக் குஞ்சம்போல் நின்றால் அது நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கருவி) இல்லாத விசைத்தறியில் ஓடியது, கைத்தறியே அல்ல. பருத்திதானா என்பதற்கு ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக உருளும். ஆனால் ரேயானும் காகிதம்போலவே எரியும் என்பதால், இந்தச் சோதனை பாலியஸ்டரைப் பிடிக்க மட்டும்தான்.

அளவையும் எழுதுங்கள். விடுதிக் கட்டில் பெரும்பாலும் 6 அடிக்கு 3 அடி. அதற்கு 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் சரியாக இருக்கும். முதல் சலவைகளில் கொஞ்சம் சுருங்கினாலும் மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகத் துணி மிஞ்சும். புதுத் துணி விறைப்பாக இருந்தால் அது குறையன்று. பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் போட்ட கஞ்சிதான். மூன்று நான்கு சலவையில் போய் மெத்தென்று ஆகிவிடும். முதல் இரண்டு முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சோப்புத்தூளில் இரவெல்லாம் ஊறவைப்பதுதான் விடுதிகளில் சாயம் மங்கப் பெரிய காரணம். அரை மணி நேரம் போதும். கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் சரியாக ஏறிய துணிக்கு உப்புத் தேவையில்லை. சரியாக ஏறாத துணியை உப்பு காப்பாற்றாது.

துண்டு விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. இரண்டிரண்டு இழையாக நெய்த ஈரிழைத் துண்டு. பூத்துவாலை (டர்க்கி டவல்) தடித்தது, நிறைய நீரை உறிஞ்சும், அதை விடாது. மூன்று பேர் தங்கும் அறையில், வெயில் படாத கொடியில், நேற்றைய ஈரத்தோடு அதையே மறுநாளும் எடுத்துத் துடைப்பார்கள். அந்த நாற்றமும் தொடை இடுக்குப் படையும் அங்கே தொடங்குகின்றன. ஈரிழை மெல்லியது. மின்விசிறிக் காற்றிலேயே இரவுக்குள் காய்ந்துவிடும். பிழிய எளிது, வாளியில் இடம் அடைக்காது. 30க்கு 60 அங்குலம் என்று எழுதுங்கள். அதைவிடச் சிறியது பெரிய பிள்ளைகளுக்குப் போதாது.

இனிப் பாய். நெல்லைப் பக்கத்துப் பத்தமடைப் பாய் புகழ்பெற்றது. தாமிரபரணிக் கரையில் கோரையை ஓடும் நீரில் ஊறப்போட்டு, நூல்போலக் கீறி நெய்கிற மிக நுண்ணிய பட்டுப் பாய்கள் அங்கே உண்டு. அவை கல்யாணத்துக்கு, விடுதிக்குக் கேட்காதீர்கள். விடுதிக்கு வேண்டியது சாதாரணக் கோரைப் பாய், 3 அடிக்கு 6 அடி. அது பத்தமடையிலும் கிடைக்கும், காவிரிக் கரையில் முசிறி, கரூர் பக்கமும் கிடைக்கும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளி சீராக, மெல்லிய கோடுகளாகக் கசிந்தால் நெசவு நெருக்கமாக இருக்கிறது. திட்டுத் திட்டாகக் கசிந்தால் சில மாதத்தில் கோரை நழுவும். நாலு பக்கமும் துணி வைத்துத் தைத்த பாய்தான் நிற்கும். கட்டில் விளிம்பில் உராய்ந்து முதலில் பிய்வது ஓரம்தானே.

கோரை வியர்வையை வாங்கிக் காற்றில் விடுகிறது. பிளாஸ்டிக் பாய் வாங்காது. ஏப்ரல், மே மாத இரவில் முதுகின் கீழ் ஈரம் அப்படியே தேங்கும். ஆனால் கோரைப் பாய்க்குச் சில நிபந்தனைகள் உண்டு, அவற்றை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாயைச் சுருட்ட வேண்டும், மடிக்கக் கூடாது. ஒரே இடத்தில் மடித்தால் கோரை அந்தக் கோட்டில் முறிந்து பாய் இரண்டாகும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. ஈரத்துணியால் இழைப் போக்கில் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் போதும். மழைக்காலத்தில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கரும்பூசணம் பிடிக்கும், அந்தக் கறை போகாது. உங்கள் கட்டில் பலகை போட்டதென்றால் கவலையில்லை. இரும்புப் பட்டைக் கட்டில் என்றால் பட்டைகளுக்கு இடையே பாய் தொங்கி முறியும். அடியில் ஒரு பலகையோ தடித்த ஜமக்காளமோ கட்டாயம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பாயைத் தவிர்க்கிற காப்பாளர்கள் உண்டு. மெத்தையின் தையலிலும் மடிப்பிலும் பூச்சி ஒளிந்தால் எடுப்பது பெரும்பாடு. பாயில் அது ஒளிவது ஓரத் துணியிலும் கோரை இடுக்கிலும்தான். அதைச் சோதிப்பது ஐந்து நிமிட வேலை.

பொது அறைக்குப் பவானி ஜமக்காளம் வாங்குங்கள், கூட்டுறவுச் சங்கத்திலேயே. ஆளுக்கொன்று தேவையில்லை.

தலையணைக்கு இலவம் பஞ்சு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் அதற்குப் பேர்போன ஊர். ஓர் ஆளுக்கு ஒரு கிலோ பஞ்சு அடைத்த தலையணை சரியான உயரம் கொடுக்கும். கலப்படம் இங்கே அதிகம்: ஆலைப் பருத்திக் கழிவு, நுரைத் துண்டு, விதை நீக்காத பஞ்சு. ஒரு பிடி பஞ்சைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். இலவம் இழை உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகுப் பூச்சு, நனையாமல் மிதக்கும். ஒருகாலத்தில் உயிர்காப்பு மிதவைகளில் அடைத்ததும் இந்தப் பஞ்சைத்தான். கலந்த பருத்திக் கழிவு நீரை வாங்கிக் கீழே இறங்கும். இழை வழுவழுப்பானதால் தளர்ந்த நெசவுத் துணியின் வழியாகக் கசிந்து மூக்கில் ஏறும், ஆகவே உள்ளுறை நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும். தலையணையைத் துவைக்கவே கூடாது. மாதம் இரண்டு முறை வெயில், அவ்வளவுதான். கட்டிதட்டினால் பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி அடைக்கலாம். நுரைத் தலையணை அமுங்கிவிட்டால் குப்பைக்குத்தான். ஓர் எச்சரிக்கை: இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கட்டிலருகே கொசுவத்திச் சுருள் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

பூட்டுக்கு வருகிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறு பட்டறைகளில் கையால் அராவிச் செய்கிறார்கள்; உள்ளே லீவர் தகடுகள் (சாவி தூக்கினால்தான் பூட்டைத் திறக்க விடுபவை), ஒவ்வொன்றும் அந்தச் சாவியின் வெட்டுக்கு ஏற்பப் பொருத்தியவை. மலிவான ஆலைப் பூட்டுகளில் சாவி வகைகள் மிகக் குறைவு. நூறு அறை உள்ள விடுதியில் ஒருவர் சாவி இன்னொருவர் பெட்டியைத் திறப்பது அதனால்தான். ஆறு லீவருக்குக் குறையாதது என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பித்தளை உடலென்றால் துருப்பயம் குறைவு. பூட்டு இறுகினால் பிள்ளைகள் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகி லீவரைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் முனையைப் பொடித்துச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்பினால் இளகும். தெருமுனைச் சாவிக்காரர் இதற்கு எளிதில் நகல் எடுக்க முடியாது, ஆகவே இரண்டாவது சாவியை உறையிலிட்டுப் பெயரெழுதிக் காப்பாளர் அறையில் வாங்கி வையுங்கள்.

வாளியும் குவளையும் எதுவாகவும் இருக்கட்டும்.

பெற்றோர் தலையில் ஏற்றாமல் நிர்வாகமே மொத்தமாக வாங்கித் தருவதானால், பிப்ரவரிக்குள் சங்கத்துக்கு எழுதுங்கள். நூல் வாங்கி, சாயமேற்றி, பாவு ஓட்டிய பிறகுதான் தறியில் ஏறும். ஜூன் மாதம் கேட்டால் ஐந்நூறு பெட்ஷீட் கிடைக்காது, அவசரத்துக்கு இடைத்தரகர் விசைத்தறித் துணியைத்தான் தருவார். முதலில் பத்து மாதிரி வாங்கி ஐந்து முறை துவைத்து அளந்து பார்த்துவிட்டு மொத்தக் கொள்முதலுக்குக் கையெழுத்திடுங்கள். பட்டியலில் இந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

கைத்தறி முத்திரையுள்ள பருத்தி பெட்ஷீட் (60க்கு 90 அங்குலம்) – 2
ஈரிழைத் துண்டு (30க்கு 60 அங்குலம்) – 2
ஓரம் தைத்த கோரைப் பாய் (3க்கு 6 அடி) – 1. இலவம் பஞ்சுத் தலையணை (1 கிலோ) – 1
திண்டுக்கல் பூட்டு, 6 லீவர், 2 சாவியுடன் – 1