எட்டரை மணித்தியால இடைவெளி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கும் மூதவை உறுப்பினர்களுக்கும், விஞ்ஞான, பொறியியற் பீடங்களின் ஆசிரியர்களுக்கும் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளில்லாமல் தானே இயங்கும் சிறிய தொலைகாட்டி ஒன்றை வடமாகாணத்தில் நிறுவி, உலகளாவிய தன்னியக்கத் தொலைகாட்டி வலையமைப்பு ஒன்றுடன் அதை இணைக்கும் பணியைப் பல்கலைக்கழகம் கையிலெடுக்க வேண்டும்.

இந்த எண்ணம் ஒரு கணினிக் கோப்பிலிருந்து பிறந்தது. உலகின் பல இடங்களில் தன்னியக்கத் தொலைகாட்டிகளை வைத்திருக்கும் லாஸ் கும்ப்ரெஸ் வானாய்வக வலையமைப்பின் தொலைகாட்டியொன்றில், கல்வித் திட்டம் ஒன்றின் மூலம் என் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஒரு விண்மீன் பேரடையைப் படமெடுக்கக் கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. எல்லோரும் படத்தைச் சூழ்ந்து நிற்க, ஒரு மாணவி மட்டும் கோப்பின் தலைப்பகுதியில் இருந்த விபரங்களை வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒளி சேர்த்த நேரம் 60 செக்கன். இடம் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிறிங். நெடுங்கோடு 149 பாகை கிழக்கு. மேற்கே தென்னரைக்கோளத்தில் அடுத்த நிலையம் எது என்று தேடினாள். தென்னாபிரிக்காவின் சதர்லாந்து, 21 பாகை கிழக்கு. "சேர், இடையில 128 பாகை. பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழலுது. எட்டரை மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் இல்லை" என்றாள். யாழ்ப்பாணம் 80 பாகையில், அந்த இடைவெளியின் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது.

அந்த இடைவெளியின் பெறுமதியை 2017 ஆவணி (ஓகஸ்ட்) 17ஆம் திகதி நடந்ததைக் கொண்டு சொல்லலாம். இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்களான இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது வெளியையே அதிரவைக்கும் அலை, அன்று பூமியை வந்தடைந்தபோது இலங்கை நேரம் மாலை 6.11. மோதல் நிகழ்ந்த பேரடை, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள என்ஜிசி 4993, அந்நேரம் எங்கள் மேற்கு வானில்தான் இருந்தது. ஆனால் வானில் எங்கே தேடவேண்டும் என்ற திருத்தமான வரைபடம் ஐந்து மணித்தியாலங்களுக்குப் பின்னரே வெளிவந்தது. அதற்குள் அந்தப் பேரடை எங்கள் வானிலிருந்து மறைந்துவிட்டது. எனவே எங்களிடம் தொலைகாட்டி இருந்திருந்தால் முதலில் நாங்களே கண்டிருப்போம் என்று நான் வாதிட வரவில்லை. அலை வந்து ஏறக்குறைய பதினொரு மணித்தியாலங்களின் பின் சிலியில் இரவானபோதே அந்த ஒளியைக் கண்டுபிடித்தார்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அதன் பின் நடந்ததை. நீலமாகத் தோன்றிய அந்த ஒளி சில நாட்களுக்குள் சிவந்து மங்கிப்போனது. பொன் போன்ற பாரமான மூலகங்கள் அத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கான சான்று அந்த நிறமாற்றத்தில் இருந்தது. அதைப் பின்தொடர முடிந்ததற்குக் காரணம், சிலியும் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் ஒன்றிடமிருந்து ஒன்று கையேற்று, ஏறத்தாழ எட்டு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை அதை அளந்ததுதான். வேகமாக மங்கும் ஒளிக்கு எட்டு மணித்தியாலம் மிக நீண்ட நேரம். இந்துமாகடலின் நெடுங்கோட்டில் இன்னொரு கண் இருந்திருந்தால் ஒரு அளவீட்டுப் புள்ளி கூடியிருக்கும்.

வட வான விண்மீன்களுக்கு இது இன்னும் முக்கியம். வடமகுடம் என்னும் விண்மீன் கூட்டத்தில் உள்ள டி விண்மீன் 1866இலும் 1946இலும் வெடித்துப் பிரகாசித்தது. மீண்டும் வெடிக்கும் என எதிர்பார்த்து, 2024ஆம் ஆண்டு முழுவதும் வானம் தெளிந்த இரவுகளில் கோண்டாவிலில் என் வீட்டு மொட்டைமாடியில் இருந்து பிள்ளைகளோடு அதைப் பார்த்துக் குறித்து வந்தோம். அது எங்கள் வானில் 74 பாகை உயரம் வரை ஏறும். சதர்லாந்திலோ 32 பாகைக்கு மேல் ஏறாது. வெடித்தால் வெறுங்கண்ணுக்கு அது சில நாட்களே தெரியும்.

இந்தியாவின் லடாக்கிலுள்ள ஹன்லேயில், எங்கள் நெடுங்கோட்டுக்கு மிக அருகில், 70 சென்ரிமீற்றர் தன்னியக்கத் தொலைகாட்டி ஒன்று இயங்குகிறதே, எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. வலையமைப்பின் பலம், ஓரிடத்தை முகில் மூடினால் வேலை தானாக வேறிடத்துக்கு மாறுவதில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் வேறு வேறு காலநிலை உள்ள இரண்டு நிலையங்கள் இருப்பது அதனாலேயே பயன் தரும். ஆனி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை இந்தியாவின் பல வானாய்வகங்களை முடக்கும்போது, எங்களுக்குச் சோளகக் காற்று வீசும் வறண்ட காலம். எங்கள் மழை ஐப்பசியில்தான் தொடங்குகிறது.

எங்கள் குறைகளையும் மறைக்க மாட்டேன். மலையில்லாத நிலம், ஈரப்பதன் கூடிய வானம், கண்ணாடிப் பூச்சை அரிக்கும் உப்புக்காற்று, ஆண்டுதோறும் பிரகாசம் கூடும் தெருவிளக்குகள். ஆகவே பெரிய தொலைகாட்டி கேட்கவில்லை. 40 சென்ரிமீற்றர் போதும். லாஸ் கும்ப்ரெஸ் வலையமைப்பே 2 மீற்றர், 1 மீற்றர்த் தொலைகாட்டிகளோடு அந்தச் சிறிய அளவினையும் சேர்த்துத்தான் கட்டப்பட்டது. எதையும் வாங்குவதற்கு முன், நெடுந்தீவிலும் கிளிநொச்சியில் பொறியியற் பீட வளாகத்திலும் முழு வானையும் படம்பிடிக்கும் சிறு கமெராக்களை வைத்து, முகிலையும் வானத்தின் இருளையும் ஓராண்டு அளந்து பார்க்க வேண்டும். அளவீடு பாதகமாக வந்தால் இந்த வேண்டுகோளை நானே மீளப்பெறுவேன்.

தொலைகாட்டியை விடக் கடினமானது அதைச் சுற்றியுள்ள வேலை. மழைத்துளி பட்ட கணமே கூரை தானாக மூட வேண்டும். மின்வெட்டு நேரத்திலும் மூடுவதற்கு மின்கலம் வேண்டும். வேற்று நாட்டிலிருந்து வரும் வான்நிகழ்வு அறிவித்தலை மனிதர் யாரும் எழும்பி வாசிக்காமலே கணினி புரிந்துகொண்டு கண்ணாடியைத் திருப்ப வேண்டும். இதற்காக வானியலாளர்கள் 2006ஆம் ஆண்டிலேயே பொதுவான அறிவித்தல் வடிவம் ஒன்றை வகுத்துவிட்டார்கள். எங்கள் மென்பொருள் தொடக்கம் முதலே அந்தப் பொது மொழியைப் பேச வேண்டும். தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டு பிறகு இணையலாம் என்று இருக்கும் தொலைகாட்டி தனித்தே நின்றுவிடும். இவை கணினி, மின்னியல் மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களுக்கு ஏற்ற வேலைகள்.

ஒன்றை மனவருத்தத்தோடு சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தின் பாடசாலை ஒன்றுக்கு நல்லதொரு தொலைகாட்டி அன்பளிப்பாக வந்தது. திறப்பு விழாவுக்குப் பிறகு அது அலுமாரிக்குள் போனது. ஒருமுறை கேட்டு வாங்கித் திறந்து பார்த்தபோது கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதைப் பராமரிப்பது எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை. எனவே தொலைகாட்டிக்கு நிதி தேடும் அதே விண்ணப்பத்தில், நிரந்தரத் தொழினுட்ப உத்தியோகத்தர் பதவி ஒன்றையும் கேளுங்கள். அந்தப் பதவி கிடைக்காவிட்டால் தொலைகாட்டியை வாங்க வேண்டாம்.

வலையமைப்போடு செய்யும் உடன்படிக்கையில் எங்கள் இரவுகளைக் கொடுத்து மற்றவர்களின் இரவுகளைப் பெறும் ஏற்பாடு இருக்க வேண்டும். எங்கள் நேரத்தில் ஒரு பங்கு உலகுக்கு. அதற்கு ஈடாக, சிலியிலும் ஹவாயிலும் கிடைக்கும் நேரத்தில் ஒரு பங்கு எங்கள் பட்டதாரி மாணவர்களுக்கும் வடக்கு, கிழக்குப் பாடசாலைகளுக்கும்.

2024இல் எங்கள் மொட்டைமாடியில் எழுதிய இரவுக் குறிப்பேடுகள் மூன்று என்னிடம் உள்ளன. எந்தெந்த இரவு எத்தனை மணிக்கு முகில் வந்தது, எப்போது பனி படிந்து கண்ணாடி மங்கியது என்பதெல்லாம் பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கிறது. வான் அளவீட்டைத் தொடங்குவோருக்கு உதவுமாயின், அவற்றைப் பௌதிகவியற் துறையிடம் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கோண்டாவில்.