சொல்லிக்கொடுப்பது வேறு, தயார்படுத்துவது வேறு

சென்னையில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றங்களில் ஆஜராகும் அரசு வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். சாட்சி சொல்ல வரும் குழந்தைகளுக்குத் துணையாக வருபவள் நான். காலை பத்து மணிக்கு வந்து, நாலு மணிக்கு வாய்தா என்று கேட்டுத் திரும்பிப் போகிற அம்மாக்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு சிறுமி, டவாலி பேரைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் என் காதில் கேட்டாள்: "அக்கா, தப்பா சொல்லிட்டா என்னை ஜெயில்ல போட்டுடுவாங்களா?" வழக்கு தொடங்கியதிலிருந்து அத்தனை மாதமும் அந்தப் பயத்தோடுதான் தூங்கியிருக்கிறாள். நாங்கள் யாருமே அவளிடம் கேட்கவில்லை, நானும்தான்.

"குழந்தைகிட்ட முன்னாடியே பேசினா சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்கன்னு குறுக்கு விசாரணையில பிடிச்சுக்குவாங்க" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். அந்தக் கவலை நியாயம்தான், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று ஆகிவிட்டால் வழக்கே போய்விடும். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தருவது வேறு, அந்த அறையில் என்ன நடக்கும் என்று சொல்வது வேறு. நீதிபதி எங்கே உட்காருவார், யார் தட்டச்சு செய்வார், ஞாபகம் இல்லையென்றால் "ஞாபகம் இல்லை" என்றே சொல்லலாம், கேள்வி புரியவில்லையென்றால் திரும்பக் கேட்கலாம், பாத்ரூம் போக வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லலாம். இதில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே!

2012ஆம் வருட போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவு உங்களுக்கு மனப்பாடம். இரு தரப்புக் கேள்வியும் நீதிபதி வழியாகத்தான் குழந்தைக்குப் போக வேண்டும், நடுவில் இடைவேளை தர வேண்டும், அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம், திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. 36ஆம் பிரிவோ, சாட்சி சொல்லும்போது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அவள் கண்ணில் படக் கூடாது என்கிறது. இதெல்லாம் அவளுக்காகவே எழுதினது, அவளுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்புறம், உள்ளே திரை போட்டுவிட்டு வெளியே வராண்டாவில் அதே ஆளின் சொந்தக்காரர்கள் எதிரில் அவளை உட்காரவைத்தால் திரைக்கு என்ன அர்த்தம்?

நான் கேட்பது இவ்வளவுதான். சம்மன் தேதிக்கு ஒரு வாரம் முன்னால், கோர்ட் கலைந்த பிறகு, நீதிபதியிடம் அனுமதி வாங்கி அரை மணி நேரம் அந்த அறையைக் குழந்தைக்குக் காட்டுங்கள். உங்கள் முகத்தையும் அன்றைக்கே பார்த்துவிடட்டும். கூட்டிவருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் எங்கள் பொறுப்பு. எந்தச் சாயங்காலம் என்று மட்டும் சொல்லுங்கள்.