எங்கள் ஆச்சியின் மெழுகுவர்த்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இந்த மாத இதழில் நரகத்தைப் பற்றிய கட்டுரையில், எல்லையற்ற கடவுளுக்கு எதிரான பாவத்துக்கு எல்லையற்ற தண்டனைதான் நீதி என்று ஒரு வரி வந்திருக்கிறது. மூன்று நாளாக அது என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பாவம் செய்கிற மனிதனுக்கு எல்லை உண்டே ஐயா. தண்டனை திருத்துவதற்கு என்றால் புரிகிறது. திருந்தி அழுதாலும் திறக்காத கதவை நீதி என்று எப்படிச் சொல்வது?

1974-இல் என் சித்தப்பா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பழைய திருச்சபைச் சட்டப்படி கோயில் மணி அடிக்கவில்லை, பூசை இல்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் குழி. அடுத்த ஞாயிறே மறைக்கல்வி வகுப்பில், ஒன்பது வயதுப் பையனான என்னிடம், உன் சித்தப்பா இப்போது எரிந்துகொண்டிருப்பார் என்றார்கள். ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, எல்லாரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்ற, எங்கள் ஆச்சி மட்டும் சுவரைச் சுற்றிப் போய் எருக்கஞ்செடி ஓரம் மணலில் ஒன்றை நட்டு, கடல் காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எம் புள்ளைய எரிக்காத சாமி", அவ்வளவுதான் அவள் செபம். 1981-இல் அந்தப் பயத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. இரண்டே வருஷம்.

உங்களுக்குத் தெரியாததா? நிசா நகர் புனித கிரகோரியார் நாலாம் நூற்றாண்டிலேயே அந்த நெருப்பு சுத்திகரிக்கும், கடைசியில் எல்லாரும் கடவுளிடம் திரும்புவார்கள் என்று நம்பியவர்தானே. திருத்தந்தை பிரான்சிஸும் 2024-இல் இத்தாலியத் தொலைக்காட்சியில், இது என் சொந்தக் கருத்து என்று சொல்லிவிட்டு, நரகம் காலியாக இருப்பதாக நினைக்கவே பிடிக்கிறது என்றார். இதையெல்லாம் அச்சிட உங்களுக்கு இடமில்லை. போன தவக்காலத்தில் சிறுவர் பக்கத்தில் தீயில் கதறும் முகங்களை முழுப்பக்கம் போட்டீர்கள், என் பேத்தி இரண்டு ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. அப்போது எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

சரி, ஒன்றுதான் கேட்கிறேன். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2283-ஆம் எண், தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. அந்தப் பத்தியை நவம்பர் இதழில் ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் இதழ் கைக்கு வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
22 ஆண்டுச் சந்தாதாரர்,
தூத்துக்குடி மாவட்டம்