வேரடிக் குடித்தனம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கத்தரி நடவு இருந்தது என்று சாக்குச் சொல்லலாம்; உண்மையில் சோம்பல்தான். முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின்தான் எனக்கு நிம்மதி.

ஓய்வு பெற்ற கையோடு காய்கறித் தோட்டம் போட்டதில் வியப்பில்லை. முதல் வேலையாக, செடிக்குத் துணையாக மண்ணில் போடும் ஐந்து வகை நுண்ணுயிர்ப் பாக்கெட்டுகளை வாங்கி அடுக்கினாய் பார், அங்கேதான் சிரித்துவிட்டேன். "எல்லாவற்றையும் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்கிறாய். எட்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகல் வந்தது. முளைத்த ஆறாம் நாள், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, நாற்றுகள் வரிசையாகச் சாய்ந்தன. பதறிப்போய்க் காலையில், உன் பாக்கெட்டுகளில் ஒன்றான டிரைக்கோடெர்மாவைக் கரைத்து ஊற்றினேன். மனம் கேளாமல் மாலையில் பூஞ்சைக்கொல்லியையும் ஊற்றினேன். டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சை என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. காவலுக்கு ஆள் வைத்துவிட்டு, இருட்டில் அவனையே அடித்துப் போட்ட கதைதான்!

டிரைக்கோடெர்மா மருந்து அல்ல, உயிர். அழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்துத் தின்னும். எதிரி நுழைவதற்கு முன்பே அது வேரடியில் குடியேறியிருக்க வேண்டும். இப்போது விதை நேர்த்தியிலேயே, கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் கலந்துவிடுகிறேன். உன்னிடமுள்ள கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். மீதியை மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து போடு. அதற்குள் பல மடங்காகப் பெருகியிருக்கும்.

நீ பாக்கெட் தூளைப் பாத்தி முழுக்கத் தூவியதாக எழுதியிருந்தாய். செடி வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அதற்காகத்தான் நுண்ணுயிர்க் கூட்டம் வேரை ஒட்டிச் சில மில்லிமீட்டருக்குள் கூடுகிறது. 1904இல் லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் அந்த இடத்துக்கு ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தார். நம்மவர்கள் வேர்மண்டலம் என்கிறார்கள். நடைபாதையில் விழுந்த தூளுக்கு அங்கே சோறு போட யார் இருக்கிறார்கள்? விதையில் பூசு, அல்லது நடும்போது நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்து வை.

வேருக்குள் குடியேறிச் செடியோடு கூட்டாக வாழும் வேம் (VAM) பூஞ்சையை முட்டைக்கோஸுக்கும் முள்ளங்கிக்கும் போட்டிருக்கிறாய். அந்தக் குடும்பம் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். பீட்ரூட்டும் பாலக்கீரையும் அப்படியே. வெங்காயத்துக்குப் போட்டிருக்க வேண்டும்: அதன் வேர் கிளைக்காது, வேர்த்தூவியும் குறைவு, எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) பூஞ்சை இழைகள்தான் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் கூடவே சூப்பர் பாஸ்பேட்டையும் அள்ளிக் கொட்டினால், செடிக்கு இந்தக் கூட்டாளி தேவையில்லாமல் போய்விடும்.

பாக்கெட்டுகளை எங்கே வைத்திருக்கிறாய்? தகரக் கொட்டகையிலா? அவற்றிலுள்ள பாக்டீரியாக்களில் பேசில்லஸ் வித்தாக உறங்கி வெப்பத்தைத் தாங்கும். சூடோமோனாஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நீ தூவியது உயிரில்லாத வெறும் தூளாகவே இருந்திருக்கலாம்.

தட்டைப்பயறு பூத்ததும் ஒரு செடியைத் தோண்டி எடு. இழுத்தால் வேரிலுள்ள முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார். நேற்று நான் கிள்ளியதில் உள்ளே புண் ஆறிய தோல்போல இளஞ்சிவப்பு. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரன் தரும் நிறம் அது. உள்ளே ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை. பச்சையாக இருந்தால் முடிந்துவிட்டது. பட்டாணிக்கென்று விற்கும் ரைசோபியத்தை இதற்குப் போட்டுவிடாதே, பயிருக்குப் பயிர் ஆள் வேறு.

காயின் தரம் கூடுமா என்று கேட்டிருந்தாய். என் கத்தரியில் காய்கள் சீரான அளவில் வருகின்றன, பறிப்பும் ஓரிரு முறை நீள்கிறது. சுவை கூடியது என்று சத்தியம் செய்யமாட்டேன். உன் தக்காளியின் அடிப்பக்கம் கறுப்பது வேறு சங்கதி. காய்க்குப் போதிய சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவதை நிறுத்து, பாதி சரியாகும். அடுத்த நடவில் ஒரு வரிசைக்கு எதுவுமே போடாமல் விட்டுவை. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டாமா?

முடிச்சின் நிறத்தை மறக்காமல் எழுது. மிச்சமிருக்கும் வேம் பாக்கெட்டை எறிந்துவிடாதே; தேதி தாண்டவில்லையென்றால் நிழலில் எடுத்து வை, வெங்காயத்துக்கு ஆகும்.

அன்புடன்,
ராமு